மஞ்சப்பைக்குள் இருந்த வரலாறு: மூன்று கோர்ஸுக்கும் தப்பிய ஒரு வயிற்றுக் கிருமி

"சார், மூணு கோர்ஸ் முடிச்சாச்சு. அந்தக் கிருமி போகவே மாட்டேங்குது. அடுத்து கேன்சர்தானா?"

நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே கேட்டுவிட்டார். பெண், வயது 47. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இட்லிக்கடை நடத்துகிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவம் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

தொந்தரவு தொடங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. நடுச்சாமத்தில் மேல்வயிறு காந்தும், எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டால் அடங்கும். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருப்பவர்கள் சொல்லும் வழக்கமான கதை இது. 19 மாதத்துக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்ததில் அங்கே புண் இருந்தது. இரைப்பையிலிருந்து எடுத்த சதைத்துணுக்கில் ஹெச்.பைலோரி என்ற கிருமி 'பாசிட்டிவ்'. அன்றிலிருந்து நடந்தவற்றை அவர் சொன்ன வரிசையில் தருகிறேன்.

முதலில் ஏழு நாள் கிட்: கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக், லான்சோபிரசோல் என்ற அமில அடக்கி. வாயெல்லாம் கசந்ததால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். மூன்று மாதம் நன்றாக இருந்தது. திரும்ப வலி வந்தபோது வேறொரு மருத்துவர் பத்து நாளுக்குக் கொடுத்தார். அதிலும் கிளாரித்ரோமைசின், கூடவே டினிடசோல். அது முடிந்ததும் ரத்தத்தில் ஐஜிஜி பார்த்தார்கள், பாசிட்டிவ். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் பாசிட்டிவ். மூன்றாவது சுற்று லீவோஃப்ளாக்சசின் கலந்த பத்து நாள் கோர்ஸ். பிறகு இன்னொரு எண்டோஸ்கோப்பி. இந்தத் தடவை யூரியேஸ் பரிசோதனை, அதாவது கிருமி சுரக்கும் யூரியேஸ் நொதியைச் சதைத்துணுக்கில் தேடும் பரிசோதனை, நெகட்டிவ். எல்லோரும் நிம்மதியானார்கள். நிம்மதி ஆறு வாரம் நீடித்தது.

கேன்சர் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வரிசைப்படுத்தியது உண்மை. ஆனால் உலகத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் வயிற்றில் இது குடியிருந்திருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. இதைச் சொன்னேன். பாதி நம்பினார். மீதிப் பாதிக்கு பயாப்சி முடிவு வர வேண்டியிருந்தது.

உண்மையிலேயே கிருமி இருக்கிறதா?

தோற்ற கோர்ஸோடு ஒருவர் வந்தால், அடுத்து என்ன ஆன்டிபயாட்டிக் எழுதலாம் என்றுதான் கை துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, கையிலிருக்கும் ரிப்போர்ட்டுகளை முதலில் சந்தேகப்பட வேண்டும். இவர் கொண்டுவந்த பரிசோதனைகளில் இரண்டு நம்மைத் தவறான பக்கம் இழுக்கக்கூடியவை, அதுவும் ஆளுக்கொரு திசையில்.

ஐஜிஜி என்பது கிருமியை எதிர்த்து உடம்பு தயாரித்த புரதம். கிருமி செத்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ரத்தத்தில் கிடக்கும். சண்டை முடிந்த ஊரில் சுவரொட்டி கிழியாமல் இருப்பது மாதிரி. சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அது உதவவே உதவாது. பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்து இவர் அழுத இரண்டு தடவையும் வீண் அழுகை.

நெகட்டிவ் என்று வந்த யூரியேஸ் பரிசோதனையில் கோளாறு வேறு மாதிரி. அன்று காலைகூட பான்டோபிரசோல் போட்டுவிட்டுத்தான் எண்டோஸ்கோப்பிக்குப் போயிருக்கிறார். இந்த அமில அடக்கி மாத்திரைகள் கிருமியை முழுதாகக் கொல்வதில்லை. எண்ணிக்கையைக் குறைத்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே தள்ளிவிடும். கீழ்ப்பகுதியில் மட்டும் துணுக்கெடுத்தால் கிருமி கண்ணில் படாது. அமில அடக்கியை இரண்டு வாரம், ஆன்டிபயாட்டிக்கையும், கிருமியைக் கொல்ல உதவும் உலோக உப்பு மருந்தான பிஸ்மத்தையும் நான்கு வாரம் நிறுத்திவிட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னேன். புண் இருக்கும் ஒருவரை அப்படி விடுவது எனக்கும் உறுத்தல்தான். கறுப்பாக மலம் போயிருந்தாலோ ரத்தக் கசிவுக்கு வேறு அடையாளம் இருந்தாலோ விட்டிருக்க மாட்டேன். ஆன்டாசிட் திரவமும் ஃபேமோடிடினும் கொடுத்துச் சமாளித்தோம். ஹீமோகுளோபின் 8.7, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. மாதவிடாய் பற்றியும் கேட்டு, ஸ்கேனும் பார்த்துக்கொண்டோம். அந்தப் பக்கம் குறையில்லை. நாள்பட்ட ஹெச்.பைலோரி அழற்சியில் அமிலமும் வைட்டமின் சி-யும் குறைந்து, சாப்பாட்டிலிருக்கும் இரும்பு உடம்பில் சேராது. "சோம்பேறியாப் போயிட்டேன் சார்" என்று அவர் சொன்னதில் பாதி இந்த ஃபெரிட்டின் 6.

எண்டோஸ்கோப்பியில் பழைய தழும்புக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டரில் ஒரு புண். இரைப்பையின் கீழ், நடு, மேல் என்று ஐந்து இடத்தில் துணுக்கு எடுத்தோம். யூரியேஸ் கிட்டின் மஞ்சள் ஜெல் இருபது நிமிடத்துக்குள் ரோஸ் நிறமாகிவிட்டது. பயாப்சியில் வளைந்த கிருமிகள், தீவிர அழற்சி. புற்றுநோய்க்கு முன்வரும் திசு மாற்றம் இல்லை. கடைசி வரியை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார்.

பையைக் கொட்டியபோது

அடுத்த முறை வரும்போது வீட்டிலிருக்கும் பழைய சீட்டு, அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பெயர் போட்ட ஒரு கல்யாண மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். ஆய்வுக்கூடம் சொல்லாத பல விஷயங்களை அந்தப் பை சொன்னது.

இருமலுக்கு அசித்ரோமைசின், மூன்று மாத்திரை அட்டை, இரண்டு தடவை. வயிற்றுப்போக்குக்கு ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் மூன்று அட்டை. சிறுநீர் எரிச்சலுக்கு நார்ஃப்ளாக்சசின். பாதிக்கு மேல் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கியவை. "பேதி மாத்திரைன்னு கேட்டா இதைத்தான் சார் குடுப்பாங்க."

அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் பங்காளிகள். ஒன்றுக்குத் தப்பப் பழகிய கிருமி மற்றதற்கும் தப்பும். கிருமியின் புரதத் தொழிற்சாலையில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், கிளாரித்ரோமைசின் அங்கே ஒட்டாது. அதன் பிறகு அளவைக் கூட்டினாலும் நாளைக் கூட்டினாலும் பயனில்லை. ஆகவே கிளாரித்ரோமைசின் ஒருமுறை தோற்ற இடத்தில் அதையே மறுபடி எழுதுவது வீண். இவருடைய இரண்டாவது கோர்ஸ் நடந்தது அப்படித்தான். நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மூன்றும் ஒரே குடும்பம். ஆர்னிடசோல், டினிடசோல், மெட்ரோனிடசோல் இன்னொரு குடும்பம். ஆக, முதல் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே, இருமலும் பேதியும் வந்த நாட்களிலேயே, இவருடைய கிருமி மூன்று குடும்ப மருந்தையும் சந்தித்துப் பழகிவிட்டது. பிடிவாதத்தைக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

பையில் இன்னொன்றும் இருந்தது. முழங்கால் வலிக்கு அசிக்ளோஃபெனாக், உதிரியாக ஒரு காகிதப் பொட்டலத்தில். விடிகாலையிலிருந்து நின்றபடி வேலை. வாரத்தில் நான்கைந்து நாள் போட்டுக்கொள்வாராம். இதை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. "அது வயித்து மாத்திரை இல்லையே சார்." வலி மாத்திரையும் ஹெச்.பைலோரியும் தனித்தனியாகவே புண் உண்டாக்கும். சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கிருமியை ஒழித்துவிட்டு இந்தப் பொட்டலத்தை விட்டுவைத்திருந்தால் நாலாவது கோர்ஸும் 'தோற்றுப்போனது' என்றே பெயர் வாங்கியிருக்கும். அன்றே நிறுத்தி, வலி தாங்காத நாளுக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மருந்தைத் தேர்ந்த விதம்

கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை. இந்தக் கிருமிக்கு அது எளிதல்ல. ஆக்சிஜன் குறைந்த காற்றில், பல நாள் பொறுமையாக வளர்க்க வேண்டும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை முதலில் வளர்த்ததே ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாள் அப்படியே கிடந்ததால்தான். அதுவரை இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டதும், 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்ததும் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் எங்கள் ஊரில் இன்றும் சதைத்துணுக்கை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வசதி இல்லை. மஞ்சப்பையைத்தான் கல்ச்சர் ரிப்போர்ட்டாக வைத்துக்கொண்டேன்.

கிளாரித்ரோமைசின் போச்சு. லீவோஃப்ளாக்சசின் போச்சு. ரிஃபாபுட்டின் என்று ஒன்று உண்டு. காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் அந்தக் குடும்ப மருந்தை வயிற்றுப்புண்ணுக்குச் செலவழிக்க எனக்கு மனம் வராது. மிச்சமிருந்தவை அமாக்சிசிலின், டெட்ராசைக்ளின், பிஸ்மத். இவற்றுக்கு ஹெச்.பைலோரி தப்புவது அபூர்வம்.

பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கோர்ஸை 14 நாளுக்கு எழுதினேன். கொலாய்டல் பிஸ்மத் சப்சிட்ரேட் 120 மி.கி., டெட்ராசைக்ளின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி., மூன்றும் நாளுக்கு நான்கு வேளை. எசோமெப்ரசோல் 40 மி.கி. இரண்டு வேளை. பேதி மாத்திரைக்குப் பழகிய கிருமிக்கு எதற்கு மெட்ரோனிடசோல் என்று கேட்கலாம். கிளாரித்ரோமைசினைப் போலல்ல, இதற்கான எதிர்ப்பு முழுச் சுவர் அல்ல. போதிய அளவில், போதிய நாள், பிஸ்மத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். அமில அடக்கியை இரண்டு வேளையும் உயர்ந்த அளவில் கொடுப்பது வலிக்காக மட்டுமல்ல. அமிலம் மிகுந்த இடத்தில் கிருமி பெருகாமல் முடங்கிக் கிடக்கும். அமிலம் குறைந்தால் பெருகத் தொடங்கும், மருந்தும் கெடாமல் வேலை செய்யும். அமாக்சிசிலினைக் கையில் மிச்சம் வைத்தேன். இதுவும் தோற்றால், வோனோபிரசான் என்ற வலுவான அமில அடக்கியோடு அமாக்சிசிலினை நாளுக்கு மூன்று கிராம் கணக்கில் 14 நாள் கொடுப்பதாகத் திட்டம்.

இது இந்த ஒருவருக்காக எழுதிய சீட்டு. இதைப் பார்த்துக் கடையில் வாங்கிப் போட்டால் நீங்களும் ஒரு மஞ்சப்பை சேர்க்கத் தொடங்குகிறீர்கள்.

டெட்ராசைக்ளின் கிடைக்கவில்லை. மூன்று கடையில் இல்லை. ஒரு கடையில் "டாக்ஸிசைக்ளின் அதே குரூப்தான், வாங்கிக்கங்க" என்றார்களாம். நல்லவேளை, போன் செய்து கேட்டார். குடும்பம் ஒன்றுதான், ஆனால் ஹெச்.பைலோரிக்கு டாக்ஸிசைக்ளின் அந்த அளவுக்குப் பலிப்பதில்லை. நாலாவது கடையில் ஆர்டர் போட்டு இரண்டு நாள் கழித்து வந்தது. காலாவதித் தேதியை நானே பார்த்தேன். தேதி தாண்டிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைப் பதம் பார்த்த வரலாறு உண்டு.

196 மாத்திரை, ஏழு டீ

கணக்குப் போட்டுக் காட்டினேன்: 56 பிஸ்மத், 56 டெட்ராசைக்ளின், 56 மெட்ரோனிடசோல், 28 எசோமெப்ரசோல். மொத்தம் 196. சிரித்தார். "இட்லி மாதிரி எண்ணிப் போட்டுரலாம் சார்."

சீட்டில் 'நான்கு வேளை, உணவுக்குப் பின்' என்று எழுதுவது எளிது. இவருக்கு நான்கு வேளை உணவே கிடையாது. மூன்றரைக்கு எழுந்து, நாலு மணிக்கு அடுப்பு. பத்தரைக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் முதல் சாப்பாடு. அதுவரை பால் டீ மட்டும்; அதுவும் நாள் முழுக்க ஏழு தடவை. டெட்ராசைக்ளினைப் பால், இரும்பு மாத்திரை, கால்சியம், ஆன்டாசிட் எல்லாமே பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அப்படியே விட்டிருந்தால் பாதி மருந்து டீயோடு போயிருக்கும்.

உட்கார்ந்து அவருடைய நாளைக் கூறுபோட்டோம். ஐந்தரைக்கு எசோமெப்ரசோல். ஆறு மணிக்கு முதல் ஈட்டிலிருந்து இரண்டு இட்லி, பிறகு மூன்று மாத்திரை. "போணி ஆகுறதுக்கு முன்னாடி நான் சாப்பிடறதா?" என்று இழுத்தார்; மகன் சமாதானப்படுத்தினான். பதினொன்றுக்கு இரண்டாவது வேளை, மாலை நாலுக்கு மூன்றாவது, கடை அடைத்து ஒன்பதரைக்கு நாலாவது. மாத்திரைக்கு ஒரு மணி முன்னும் இரண்டு மணி பின்னும் பால் டீ கிடையாது, வேண்டுமானால் சுக்குக் காப்பி. இரும்பு மாத்திரையை 14 நாள் ஒதுக்கி வைத்தோம். ராத்திரி மாத்திரையை ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரமாவது படுக்கக்கூடாது. டெட்ராசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண் போடும். மகன் இதையெல்லாம் காலண்டரின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, மாவு கிரைண்டருக்கு மேலே ஒட்டினான்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "சார், கறுப்பாப் போகுது." பிஸ்மத் மலத்தையும் நாக்கையும் கறுப்பாக்கும் என்று சொல்லியிருந்தேன், பார்த்ததும் பயம் வந்துவிட்டது. தார் மாதிரி பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால்தான் ரத்தக் கசிவு. அப்படி இல்லை, தலைசுற்றலும் இல்லை. தொடரச் சொன்னேன்.

ஆறாம் நாள்தான் சோதனை. குமட்டல், வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. முதல் கிட்டை ஐந்தாம் நாள் விட்டவர் என்பதால் அன்று நானே அழைத்துப் பேசினேன். குமட்டலுக்கு ஒரு மாத்திரை சேர்த்தேன். அதைவிட நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துக்கொள்வதுதான் தனக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார். வயிற்றுப்புண்காரருக்கு ஊறுகாய் கூடாது என்று சொல்ல வேண்டியவன்தான். பேசாமல் இருந்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் காலி அட்டைகளோடு வந்தார். எண்ணினோம். ஐந்து மாத்திரை மீதி. ஒரு முகூர்த்த நாளில் கல்யாண ஆர்டர், நாலு மணி வேளையும் இன்னொரு வேளையில் பாதியும் தவறியிருந்தன. 196-இல் 191 உள்ளே போயிருந்தது.

அதன் பிறகு

புண் ஆற எசோமெப்ரசோலை ஒருவேளையாக்கி நான்கு வாரம் தொடர்ந்தோம். பிறகு அதையும் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, அதாவது ஆன்டிபயாட்டிக் முடிந்து ஆறு வாரத்தில், யூரியா மூச்சுப் பரிசோதனை. அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவை விழுங்கச் சொல்வார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அதை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். வரவில்லை. நெகட்டிவ். அந்த வசதி இல்லாத ஊரில் மலத்தில் ஆன்டிஜென் பார்த்தாலும் போதும், அதற்கும் இதே இடைவெளி வேண்டும். சிறுகுடல் புண் என்பதால் மறுபடி எண்டோஸ்கோப்பி தேவைப்படவில்லை. இரைப்பையிலேயே புண் என்றால் ஆறியதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இரும்பு மாத்திரையை மறுபடி தொடங்கினோம். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6. முன்பு ஒரு வருடம் அதே மாத்திரையைப் போட்டும் ஒன்பதைத் தாண்டாதவர். கணவருக்கும் வயிற்று உப்புசம் இருந்ததால் மலப் பரிசோதனை செய்தோம். பாசிட்டிவ், தனியாக வைத்தியம் நடக்கிறது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, பார்க்கவில்லை. வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் இன்னும் அந்தக் கட்சியில் சேரவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, கிளினிக் அடைக்கும் நேரத்தில் வந்தார். ஏதோ ஒரு சலுகை விலை முழு உடல் பரிசோதனையில் ஹெச்.பைலோரி ஐஜிஜியும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் பாசிட்டிவ். வயிறு வலிக்கிறதா என்றேன். இல்லை. ராத்திரி எழுந்து சாப்பிடுகிறீர்களா? இல்லை. முட்டி வலிக்கு என்ன போடுகிறீர்கள்? "நீங்க சொன்ன அந்த வெள்ளை மாத்திரைதான் சார், சத்தியமா."

சுவரொட்டிக் கதையை மறுபடி சொன்னேன். அவர் மனம் ஆறட்டும் என்று மூச்சுப் பரிசோதனையும் ஒருமுறை செய்தோம், நெகட்டிவ். இரண்டு தாளையும் மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, பேத்திக்கு நேற்றிலிருந்து பேதி, மெடிக்கலில் என்ன கேட்டு வாங்கலாம் என்றார். ஓஆர்எஸ் பாக்கெட்டும் துத்தநாகச் சிரப்பும் எழுதிக் கொடுத்து, குழந்தையைக் காலையில் தூக்கி வரச் சொன்னேன்.